அழாத பிள்ளைக்கும் வலிக்கும்: அறுவைக்குப் பின் குழந்தைகள் வார்டில் வலியைக் கவனிக்கும் முறை

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பது வீட்டில் பாதகமில்லை. குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டில் அதுவே வழக்கமாகிவிட்டால், கத்தி ஊரைக் கூட்டுகிற பிள்ளைக்கு மருந்து போகும். சுவர் பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருக்கிற பிள்ளைக்குப் போகாது. குடல்வால் எடுத்த ஆறு வயதுப் பையன் அசையாமல் கிடந்தால், "சமத்தா படுத்திருக்கான் சிஸ்டர்" என்று அம்மாவே சொல்வார். அசைந்தால் வலிக்கிறது என்பதை அவன் முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். கூடவே இன்னொன்றையும்: 'வலிக்குது' என்று சொன்னால் ஊசி வரும்.

இந்த வழிகாட்டி வார்டில் வேலை பார்க்கும் செவிலியருக்கும் செவிலிய மாணவருக்கும். குடலிறக்கம், குடல்வால், இறங்காத விரையை இறக்கி வைப்பது, ஹைப்போஸ்பேடியாஸ் (சிறுநீர்த் துளை ஆண்குறியின் அடிப்பக்கம் இருப்பது), டான்சில், முழங்கை எலும்பு முறிவு போன்ற நாம் தினமும் பார்க்கும் அறுவைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இதில் வரும் மருந்து அளவுகள், டாக்டர் எழுதிய ஆர்டரைச் சரிபார்க்க. ஆர்டர் இல்லாமல் கொடுப்பதற்கு அல்ல.

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே வெகுகாலம் இருந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. இதய அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் என்ற வலிநீக்கி கிடைக்காதவர்களுக்கு அழுத்த ஹார்மோன்கள் வெகுவாக ஏறின, பின்விளைவுகளும் அதிகமாயின. 'சின்னக் குழந்தைதானே, மறந்துடும்' என்று இன்றும் வார்டில் காதில் விழும். மறக்கிறதோ இல்லையோ, உடம்பு அந்த நேரத்திலேயே விலை கொடுத்துவிடுகிறது. வலியுள்ள பிள்ளை ஆழ்ந்து மூச்சு விடாது, இருமாது. சளி தேங்கும், பாலும் இறங்காது.

தியேட்டருக்குப் போகும் முன்பே

வேலை அறுவைக்கு முந்தின நாள் மாலையே தொடங்குகிறது. அம்மாவிடம் மூன்று கேள்விகள் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வலிக்கு வீட்டில் பிள்ளை என்ன வார்த்தை சொல்லும்? ('உவ்வா', 'ஆய்', 'கடிக்குது', வீட்டுக்கு வீடு மாறும்.) வலித்தால் கத்துமா, ஒடுங்கிப்போகுமா? எதைக் கொடுத்தால் அடங்கும்? மூளை வளர்ச்சிக் குறைபாடோ பேச்சு வராத நிலையோ உள்ள பிள்ளைகளுக்கு இந்த மூன்று பதில்களைவிடப் பெரிய கருவி எதுவும் கிடையாது. வலி வந்தால் சிரிக்கிற பிள்ளைகளும் உண்டு, கையைக் கடித்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முகப்பட அட்டையை அன்றே காட்டிப் பழக்குங்கள். மயக்கம் தெளிந்து அரைகுறையாகக் கண் விழிக்கும்போது முதன்முதலாகக் காட்டினால் ஏதோ ஒரு முகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எடையை அன்றே எந்திரத்தில் பாருங்கள். 'போன மாசம் பன்னெண்டு கிலோ' என்பதை எழுதாதீர்கள், எல்லா மருந்துக் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

வலியை அளப்பது

இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை ஃபிளாக் அளவுகோல் போதும். முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதல் என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 10. முகம் இயல்பாக இருந்தால் 0, அவ்வப்போது சுளித்தால் அல்லது ஒட்டாமல் விலகி இருந்தால் 1, தாடை இறுகித் தொடர்ந்து மோவாய் நடுங்கினால் 2. கால் தளர்வாக இருந்தால் 0, விறைத்தோ நிலைகொள்ளாமலோ இருந்தால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கினாலோ 2. உடல் அமைதியாக இருந்தால் 0, நெளிந்தால் 1, வில்லாக வளைந்தால் அல்லது கட்டையாக விறைத்தால் 2. அழுகை இல்லையென்றால் 0, முனகல் 1, விடாத அழுகை 2. தானாகவே நிம்மதியாக இருந்தால் 0, தொட்டுப் பேசினால் அடங்குவது 1, எதற்கும் அடங்காதது 2. கூட்டினால் 1 முதல் 3 லேசான வலி, 4 முதல் 6 நடுத்தரம், 7 முதல் 10 கடுமை.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். போர்வை மூடியபடியே எட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவது ஒன்று. போர்வைக்கு அடியில் கால் மடங்கியிருப்பது தெரியாது. விலக்கிவிட்டு, விழித்திருக்கும் பிள்ளையை 2 நிமிடமாவது, தூங்கும் பிள்ளையை 5 நிமிடம் நின்று பாருங்கள். அடுத்தது, படுத்திருக்கும்போது மட்டும் அளப்பது. திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், அப்போது முகத்தைப் பாருங்கள். படுக்கையில் 1 போட்ட பிள்ளை இருமலில் 6 போடும். எழுதும்போது 'ஓய்வில் 1, இருமலில் 6' என்று இரண்டையும் எழுதினால்தான் அடுத்த டியூட்டி சிஸ்டருக்குப் புரியும்.

முகப்பட அட்டைகளில், 2001இல் திருத்தி வெளியான ஆறு முக அட்டை நல்லது. முதல் முகத்தில் சிரிப்பும் கடைசி முகத்தில் கண்ணீரும் உள்ள அட்டையைக் காட்டினால், அம்மாவைத் தேடி அழுகிற பிள்ளை கண்ணீர் முகத்தைத் தொடும். 'நான் அழலையே' என்று நினைக்கிற பிள்ளை எவ்வளவு வலித்தாலும் அதைத் தொடாது. எட்டு வயதுக்கு மேல் பூஜ்யம் முதல் பத்து வரை எண் கேட்கலாம். பிள்ளை ஒரு மதிப்பு சொன்னால் அதை எழுதுங்கள். செல்போனில் விளையாடிக்கொண்டே '7' என்றாலும் 7தான், விளையாட்டு அதன் கவனத்தைக் கொஞ்சம் இழுத்துவைத்திருக்கிறது, அவ்வளவே.

எண்ணோடு வார்த்தையையும் கேளுங்கள். தமிழில் வலிக்கு வகைவகையாகச் சொல் இருக்கிறது, அது நோயறியும் கருவி. 'விண்விண்ணுனு தெறிக்குது' என்றால் கட்டு இறுக்கமா, சீழ் பிடிக்கிறதா என்று பாருங்கள். 'எரியுது' என்றால் ஐ.வி. போட்ட கை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் புண்ணில் படுகிறதா என்று பாருங்கள். 'முறுக்குது', 'இழுத்துப் பிடிக்குது' என்றால் குடல் அல்லது சிறுநீர்ப்பை. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளை எங்கே வலித்தாலும் வயிற்றைத்தான் காட்டும். எனவே விரல் காட்டிய இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

முதல் 4 மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கி, மணிக்கு ஒருமுறை என்று இடைவெளி விடலாம். மருந்து கொடுத்த பிறகு மறுபடி பார்ப்பது முக்கியம்: ஐ.வி. என்றால் 30 நிமிடத்தில், வாய்வழி என்றால் 60 நிமிடத்தில். நாடித்துடிப்பையும் பி.பி.யையும் மட்டும் நம்பி 'வலி இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது. வலி நீடித்தால் அவை இயல்புக்குத் திரும்பிவிடும்.

மருந்துக்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

வீரிட்டு அழுகிற பிள்ளைக்கு மருந்து தேடி ஓடும் முன் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பாருங்கள். ஐ.வி. வெளியே கசிந்து கை பருத்திருக்கிறதா? பிளாஸ்டர் இறுக்குகிறதா? அடிவயிறு கல் போல் இருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது? சிறுநீர்க் குழாய் (காதீட்டர்) மடங்கியிருக்கிறதா? பசியா?

மயக்கம் தெளியும் முதல் அரைமணி நேரத்தில் பிள்ளை அம்மாவையே அடையாளம் தெரியாமல், கண் எங்கோ பார்க்க, கைகாலை உதறிக் கத்தினால் அது மயக்கமருந்துக் குழப்பமாக இருக்கலாம். செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு கொடுத்த சின்னப் பிள்ளைகளிடம் இது அதிகம். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் அடங்கும். விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், அம்மாவிடம் கொடுங்கள். வலியும் சேர்ந்திருக்கலாம் என்பதால் மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒருவகை வலி உண்டு, அதை மட்டும் மருந்தால் அடக்கப் பார்க்கக் கூடாது. முழங்கை எலும்பு முறிவுக்குக் கம்பி போட்ட அல்லது மாவுக்கட்டு போட்ட பிள்ளை நேரம் போகப் போக அதிகம் பதறினால், மருந்து கொடுத்தும் அடுத்த மருந்தைச் சீக்கிரமே கேட்டால், விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறினால், தசை அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விரல் வெளுப்பதும் மரத்துப்போவதும் நாடி மறைவதும் பிந்திய அறிகுறிகள், அவற்றுக்காகக் காத்திருந்தால் கை போய்விடும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கட்டைத் தளர்த்தவோ பிளாஸ்டரைப் பிளக்கவோ அப்போதே ஆர்டர் வாங்குங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள், அதற்குமேல் தூக்கித் தொங்கவிட்டால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

மருந்து: வகையைவிட நேரம்

குழந்தை வார்டில் வலி நிர்வாகம் தோற்பதற்கு முதல் காரணம் 'எஸ்.ஓ.எஸ்.' என்ற மூன்றெழுத்து. 'வலித்தால் கொடு' என்று எழுதினால், வலி ஏற வேண்டும், பிள்ளை சொல்ல வேண்டும், அம்மா எழுந்து வர வேண்டும், சிஸ்டர் கையில் வேலை இல்லாமல் இருக்க வேண்டும். நாலும் கூடிவர நள்ளிரவு ஆகிவிடும். முதல் 48 மணி நேரத்துக்காவது '6 மணி நேரத்துக்கு ஒருமுறை' என்று மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானோர் மாற்றித் தருகிறார்கள்.

நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அடிவயிறு, குடலிறக்கம், விரை, ஆண்குறி அறுவைகளுக்கு மயக்க டாக்டர் வால்முதுகில் காடல் பிளாக் என்ற மரப்பு ஊசி போட்டிருப்பார். புப்பிவக்கேன் என்ற மரப்பு மருந்து தனியாக என்றால் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். காலை 10 மணிக்குப் போட்டது பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் இறங்கும். அதுவரை சிரித்து விளையாடிய பிள்ளை திடீரென்று கத்தும். அப்போது மருந்து கொடுத்தால் பிடிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும். பிளாக் இறங்கும் முன்பே முதல் வாய்வழி டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். பிளாக் போட்ட நேரத்தை மயக்க ஷீட்டில் பார்த்து, இறங்கும் நேரத்தைக் கட்டில் அட்டையில் எழுதிவிடுங்கள். அதுவரை கால் தொய்வாக இருக்கும், தனியாக நடக்கவிடாதீர்கள். சிறுநீர் போனதா என்றும் குறியுங்கள்.

பாராசிட்டமால் அடித்தளம். கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேல் வேண்டாம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி. இதையே 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் எடுத்தால் 7.5 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப்பில் 3.6 மி.லி.; மி.லி.க்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.8 மி.லி. பாட்டில் ஒரே நிறம், மூடியும் ஒன்றுபோல. '5 மி.லி. கொடு' என்று வாயால் சொல்லும் ஆர்டரை ஏற்காதீர்கள், மி.கி. கேட்டு, லேபிள் பார்த்து, கணக்குப் போட்டு எழுதுங்கள். தியேட்டரில் ஐ.வி.யோ ஆசனவாய் மாத்திரையோ ஏற்கெனவே போயிருக்கிறதா, எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். இரட்டை டோஸ் பெரும்பாலும் தியேட்டருக்கும் வார்டுக்கும் இடையில்தான் நேர்கிறது.

ஐ.வி. பாராசிட்டமால் 1 மி.லி.யில் 10 மி.கி. மி.கி.யை மி.லி. என்று படித்தால் பத்து மடங்கு போகும், கல்லீரல் தாங்காது. 10 கிலோவுக்குக் கீழ் கிலோவுக்கு 7.5 மி.கி.தான்: 5 கிலோ குழந்தைக்கு 37.5 மி.கி., அதாவது 3.75 மி.லி. 100 மி.லி. பாட்டிலை அப்படியே தொங்கவிட்டு 'கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கலாம்' என்று போவது கூடவே கூடாது. தேவையானதை மட்டும் சிரிஞ்சில் எடுத்து, அளவுக் கோடு போட்ட ப்யூரெட் செட்டில் விடுங்கள். 12 கிலோவுக்கு 18 மி.லி., 15 நிமிடத்தில், மைக்ரோ டிரிப்பில் (1 மி.லி.க்கு 60 சொட்டு) நிமிடத்துக்கு 72 சொட்டு.

ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. பாராசிட்டமாலோடு சேர்த்துக் கொடுக்கலாம், இரண்டும் வேறு வழியில் வேலை செய்கின்றன. நீர்ச்சத்து குறைந்திருந்தால், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கசிவு, டெங்கு சந்தேகம் இருந்தால் வேண்டாம். இரண்டும் கலந்த சிரப் கடைகளில் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு மேலே பாராசிட்டமாலும் கொடுப்பது வழக்கமான தவறு.

ஆசனவாய் மாத்திரையைப் பாதியாக வெட்டினால் மருந்தும் பாதியாகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆசனவாய் அறுவை செய்த பிள்ளைக்கு அந்த வழியே எதையும் வைக்கக் கூடாது. கட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

இடுப்பில் ஊசி வேண்டாம். டைக்லோஃபினாக் ஊசி போட்ட ஒரு பிள்ளை அலறினால், பக்கத்துக் கட்டில்களில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அன்றிரவு 'வலிக்கலை' என்றே சொல்லும். வலி, காய்ச்சல் மருந்தான நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழ் கொடுக்க இந்தியா 2011இல் தடை விதித்தது. மார்ஃபின் இனத்து வலிநீக்கிகளான கோடீனும் டிராமடாலும் 12 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் சொன்னது. கல்லீரல் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால், சில பிள்ளைகளில் கோடீன் சடுதியில் மார்ஃபினாக மாறி மூச்சை நிறுத்தியிருக்கிறது. பழைய பிரிஸ்கிரிப்ஷனோடு வரும் பெற்றோரிடம் இந்த மருந்துகள் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெரிய வயிற்று அறுவை, நெஞ்சு அறுவை, எலும்பு அறுவைக்கு மார்ஃபின் தேவைப்படும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனாலும் பயம் போகவில்லை. பயத்தைக் குறைக்க வழி, முறையாகக் கவனிப்பது. 10 மி.கி. ஆம்பூலை 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 1 மி.கி. கிலோவுக்கு 0.05 மி.கி. என்று ஆர்டர் இருந்தால் 12 கிலோவுக்கு 0.6 மி.லி.; இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துப்பாருங்கள். 5 நிமிடத்தில் மெல்ல விடுங்கள், பிறகு 20 நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். மூச்சு குறைவதற்கு முன் தூக்கம் ஆழமாகும். தொட்டால் கண் திறந்து, பேசும்போதே மறுபடி சொக்கினால் அடுத்த டோஸை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கை ஒரு வயதுக்குள் 20க்கும், 5 வயதுக்குள் 16க்கும், அதற்குமேல் 12க்கும் கீழே போனாலும் அப்படியே. ஆக்சிஜன், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, கிலோவுக்குக் கணக்கிட்டு எழுதிய நலோக்சோன் (மார்ஃபினை முறிக்கும் மருந்து) ஆகிய மூன்றும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கும், குறட்டையும் மூச்சடைப்புமாக இருந்து டான்சில் எடுத்த பிள்ளைக்கும் சாதாரண வார்டில் மார்ஃபின் வேண்டாம். மானிட்டர் உள்ள இடத்தில்தான்.

மருந்தில்லாத வேலை

வயிற்று அறுவைக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை. இருமும்போது சின்னத் தலையணையைத் தையலோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாட்டில் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையை ஊன்றி எழுப்புங்கள். மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் செய்யாது. சோப்புத் தண்ணீர்க் குமிழி விடச் சொல்லுங்கள், அதுவே மூச்சுப் பயிற்சி.

சுன்னத், ஹைப்போஸ்பேடியாஸ் பிள்ளைகளுக்குத் துணி படுவதே வேதனை. வளைவுச் சட்டம் இல்லையென்றால் அட்டைப்பெட்டியின் அடியையும் இரு பக்கங்களையும் வெட்டி இடுப்பின் மேல் கூடாரம் போல் கவிழ்த்து அதன்மேல் போர்வை போடுங்கள். காதீட்டர் உள்ள பிள்ளை நன்றாக இருந்து திடீரென்று காலை மடக்கி வீறிட்டு, குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்து, ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் அது சிறுநீர்ப்பைப் பிடிப்பு. பாராசிட்டமால் அதற்குப் போதாது. குழாய் மடிப்பு, மலச்சிக்கல் இரண்டையும் பார்த்துவிட்டு பிடிப்பைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினினுக்கு ஆர்டர் கேளுங்கள்.

கட்டு பிரிக்கும் நாளில், ஒரு மணி நேரம் முன்பு வாய்வழி மருந்து. காஸ் ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து மல்லாத்திப் பிடிப்பதைவிட, அம்மா மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்தால் பிடி நன்றாக இருக்கும், பயமும் குறையும். ஒட்டுப்பட்டையின் ஓரத்தைப் பிள்ளையே இழுக்கட்டும். ஒருவர் மட்டும் பேசுங்கள். கட்டு பிரிப்பது கட்டிலில் வேண்டாம். கட்டில் பயமில்லாத இடமாக இருக்கட்டும். பச்சிளம் குழந்தைக்குக் குருதி எடுப்பது போன்ற சிறு வேலைகளுக்கு 2 நிமிடம் முன்பு 24 சதவீதச் சுக்ரோஸ் கரைசல் சில சொட்டு, அல்லது பால் குடிக்கும்போதே எடுப்பது உதவும். அறுவை வலிக்கு அது மாற்று கிடையாது. பாட்டி தேன் தொட்டு வைக்க வந்தால் ஒரு வயதுக்குள் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பேச்சைப் பற்றி. 'வலிக்கவே வலிக்காது' என்பது பொய், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. 'சுருக்குனு இருக்கும், நீ பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்' என்று சொல்லி, பத்துக்குள் முடியுங்கள். 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' வேண்டாம். 'சாப்பிடலன்னா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க' என்று மிரட்டும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படிச் சொல்லாதீங்கம்மா, அப்புறம் வலிச்சாலும் என்கிட்ட சொல்ல மாட்டான்" என்று விளக்கினால் புரிந்துகொள்வார். இரவில் அவரை வெளியே அனுப்பும் வழக்கம் இருந்தால், குறைந்தபட்சம் முதல் இரவுக்கு விலக்கு கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

சீட்டில் மணி போட்டு எழுதுங்கள்: காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12. முதல் இரண்டு மூன்று நாள் வலி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு. ஊசியில்லாத சிரிஞ்சில் அளவுக் கோட்டைப் பேனாவால் குறித்துக் கையில் கொடுங்கள், ஒருமுறை அம்மாவையே எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கும் என்று சொல்லி, வீட்டில் என்ன பாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

டான்சில் எடுத்த பிள்ளை வீட்டுக்குப் போனபிறகுதான் அதிகம் அவதிப்படும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை வலி ஏறும், காது வலிப்பதாகவும் சொல்லும். தொண்டையில் தெரியும் வெள்ளைப் படலம் சீழ் அல்ல. சாப்பிடாமல் விட்டால் வலி கூடும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு மருந்து கொடுத்து, ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இளநீர் என்று விழுங்க வைக்க வேண்டும். ரத்தக்கசிவு பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், தூக்கத்தில் தொடங்கும். ரத்தம் வெளியே வராது, விழுங்கிவிடும். ஆகவே தூங்கும் பிள்ளை திரும்பத் திரும்ப மடக் மடக்கென்று விழுங்கினால் விளக்கைப் போட்டு வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு தெரிந்தாலோ ரத்தமாக வாந்தி எடுத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த நேரமே கிளம்பி வர வேண்டும்.